எங்க இடிக்குதுன்னு பாத்தியா?

எங்க வீட்டுப் பரண்ல என்னைவிட வயசுல மூத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சாக்குப் பையில சுத்தி, நைலான் கயிறு கட்டி, பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அம்மா கேட்பாங்க, "இதைப் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுரலாமா?" அப்பா பதிலே சொல்ல மாட்டார். சாக்குல இருக்கிற தூசியைத் தட்டி, மறுபடி அதே இடத்துல வைப்பார். அவ்வளவுதான்.

அது மேல ஏன் இவ்வளவு பாசம்னு நான் கேட்டதே இல்ல. அப்பாகூட சண்டை போடுற வரைக்கும்.

சண்டைக்குக் காரணம் லேப்டாப். நான் அப்ப இன்ஜினீயரிங் ஃபைனல் இயர். மக்காச்சோள இலையோட ஃபோட்டோவைப் பார்த்து என்ன நோய்னு சொல்ற சாஃப்ட்வேர்தான் என் ப்ராஜெக்ட். கையில பன்னிரண்டாயிரம் ஃபோட்டோ. என் அஞ்சு வருஷப் பழைய லேப்டாப்ல ஒரு தடவை ஓட்டினா, ராத்திரி சாப்பிட்டுப் படுத்து, காலையில எழுந்து பல் விளக்குற வரைக்கும் உருட்டிட்டே இருக்கும். கிளாஸ்ல ரெண்டு பேர் கேமிங் லேப்டாப் வெச்சுட்டு செம பந்தா. எனக்கும் ஆசை வந்துருச்சு. விலை 72,000 ரூபாய்.

அப்பா ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க். விலையைக் கேட்டதும் திட்டுவார்னு நினைச்சேன். திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க இடிக்குதுன்னு பாத்தியா?"

"என்னதுப்பா?"

"மெதுவா ஓடுதுன்னு சொல்றே. உள்ளே எது மெதுவா இருக்குன்னு பாத்தியா பாப்பா?"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துருச்சு. "உங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னப்பா தெரியும்?"

அப்பா ஒண்ணும் சொல்லல. ஒரு செகண்ட் பரணை நிமிர்ந்து பார்த்தார். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு வெளியே போயிட்டார். அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடிக்கு வந்து, அவரே சொன்ன கதைதான் இது.

ஆயிரத்து நூறு ரூபாய்

வருஷம் 1997. அப்பா பி.காம். முதல் வருஷம். எங்க தாத்தா விருதுநகர்ல ஒரு பருப்பு மண்டியில கணக்குப்பிள்ளை. மண்டிக்குப் புதுசா பென்டியம் கம்ப்யூட்டர் வந்ததும், பழைய 486-ஐ தாத்தாவுக்கே கொடுத்துட்டாங்க. சும்மா இல்ல, மாசா மாசம் சம்பளத்துல முந்நூறு ரூபாய் பிடித்தம். "பையன் காமர்ஸ் படிக்கிறான், கம்ப்யூட்டர் தெரிஞ்சாத்தான் வேலை"ன்னு தாத்தா வாங்கிப் போட்டாராம்.

பையன் என்ன படிச்சான்? கூடப் படிச்சவன் ஒருத்தன் ஃப்ளாப்பியில கேம் கொண்டுவந்து கொடுத்தான். முதல்ல டேஞ்சரஸ் டேவ். அப்புறம் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ரெண்டும் வீட்டுல ஜோரா ஓடுச்சு. மூணாவதா வந்ததுதான் டூம்.

1993 டிசம்பர்ல ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட கேம் அது. முதல் பகுதியை யார் வேணும்னாலும் இலவசமா காப்பி பண்ணிக்கலாம்னு விட்டதால, ஃப்ளாப்பி ஃப்ளாப்பியா உலகம் பூரா பரவி விருதுநகர் வரைக்கும் வந்துருச்சு. கம்ப்யூட்டர் சென்டர்ல பார்த்தப்போ வழுக்கிட்டு ஓடின அதே டூம், வீட்டுல விக்கல் எடுத்தவன் மாதிரி விக்கி விக்கி நடந்துச்சாம். கதவு திறக்குறதுக்குள்ள பேய் வந்து கடிச்சுட்டுப் போயிரும்.

அப்பா கடை கடையா விசாரிச்சார். ஒரு கடையில, "ராம் போடுங்க தம்பி, சும்மா பறக்கும்"னாங்க. 4 எம்.பி.யை 8 எம்.பி. ஆக்க ஆயிரத்து நூறு ரூபாய். தாத்தாகிட்ட கேட்டார். கேமுக்குன்னு சொல்லல, "படிப்புக்குக் கொஞ்சம் வேகம் பத்தலை"ன்னு சொன்னார். தாத்தா அப்ப கண்ணாடி மாத்துறதுக்குக் காசு சேர்த்து வெச்சிருந்தார். பேரேட்டு எழுத்து மங்கலாத் தெரியுதுன்னு டாக்டர்கிட்ட காட்டி, சீட்டுக்கூட வாங்கி வெச்சாச்சு. அந்தக் காசை எடுத்துக் கொடுத்துட்டார்.

அப்பா ராமைப் போட்டார். கேம் கொஞ்சம் சீக்கிரமா லோட் ஆச்சு. ஆனா நடை? அதே விக்கல்.

அன்னைக்கு ராத்திரி தாத்தா வந்து நாற்காலிக்குப் பின்னாடி நின்னு கேட்டாராம், "இப்ப வேகமா ஓடுதாய்யா?"

"ஓடுதுப்பா. சூப்பரா ஓடுது."

தாத்தா சிரிச்சுட்டுப் போய்ப் படுத்துட்டார். அடுத்த தீபாவளி போனஸ் வரைக்கும் அந்த மங்கின கண்ணாடியோடதான் பேரேடு எழுதினார். 2003-ல தாத்தா தவறிட்டார்.

"ஆயிரத்து நூறு போனது பெருசில்ல பாப்பா. பொய் சொன்னேன் பாரு... அது இன்னும் இடிக்குது."

நான் வாங்கின பல்புலயே பெரிய பல்பு அதுதான். மறுநாள் காலையில ஏணியைப் போட்டு அந்தச் சாக்கு மூட்டையைக் கீழே இறக்கினேன்.

பரண்ல இருந்து மேஜைக்கு

பழைய கம்ப்யூட்டர் கிடைச்சதும் பிளக்கைச் சொருகி ஸ்விட்சைத் தட்டணும்னு கை பரபரக்கும். தட்டக் கூடாது! முதல்ல மூடியைத் திறந்து பார்க்கணும்.

486 மதர்போர்டு நிறையத்துல தேதி, நேரத்தை ஞாபகம் வெச்சுக்க ஒரு சின்ன பீப்பாய் பேட்டரியை போர்டுலயே பற்ற வெச்சிருப்பாங்க. வருஷம் போகப் போக அது கசிஞ்சு, சுத்தியிருக்கிற செம்புக் கோடுகளைத் தின்னுடும். எங்களுதுலயும் அந்த மூலை பூரா பாசி பிடிச்ச மாதிரி பச்சை. பேட்டரியைக் கழட்டிட்டு, பழைய டூத் பிரஷ்ல கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்ச்சேன். கசிவு காரம், வினிகர் அமிலம், ஒண்ணை ஒண்ணு அடக்கிடும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு ஒரு நாள் காய விட்டேன். நல்லவேளை, கோடு எதுவும் அறுந்து போகல.

ஹார்ட் டிஸ்க் சுத்தவே இல்ல. அதுக்குப் பதிலா பழைய கேமராவுல போடுற காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டை ஒரு அடாப்டர்ல சொருகி மாட்டினேன். அந்தக் கார்டும் பழைய ஐ.டி.இ. பாஷையே பேசும்கிறதால 486 அதை ஹார்ட் டிஸ்க்னு நம்பிடும். ஆனா அந்தக் காலத்து பயாஸ் பலதுக்கு 504 எம்.பி.க்கு மேல எண்ணத் தெரியாது. அதனால சின்ன கார்டே போதும். பவர் சப்ளையைத் தனியா மல்ட்டிமீட்டர்ல பார்த்துட்டு, சாமியைக் கும்பிட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.

"பீப்!"

சமையல்கட்டுல இருந்து அப்பத்தா, "என்னத்தா அது, குக்கரா?"ன்னு கேட்டுச்சு.

திரையில 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ்னு வந்துச்சு. கீழே ராம் எண்ணிக்கை ஓடி 8 எம்.பி.யில நின்னுச்சு. அதுல பாதி, தாத்தாவோட கண்ணாடி.

டூம் வெச்சிருக்கிற தராசு

டூமுக்குள்ளேயே ஒரு தராசு இருக்கு. டாஸ்ல டூம்னு அடிச்சு, பக்கத்துல "-டைம்டெமோ டெமோ3"ன்னு சேர்த்துவிட்டா, ஏற்கெனவே பதிவு பண்ணி வெச்ச ஒரு ஆட்டத்தை அந்த மிஷினால எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா ஓட்டிக் காட்டும். அந்த ஆட்டத்துல மொத்தம் 2,134 படங்கள். டூம் செகண்டுக்கு 35 படத்துக்கு மேல காட்டாது. ஏன்னா அந்தத் திரை செகண்டுக்கு 70 தடவை புதுப்பிக்கும், அதுல சரிபாதி 35. அந்தக் கணக்குப்படி இந்த ஆட்டம் 61 செகண்டுல முடியணும்.

எங்க 486 எடுத்துக்கிட்டது 118 செகண்ட். அதாவது செகண்டுக்கு 18 படம். ஒரு நிமிஷ சமாசாரத்துக்கு ரெண்டு நிமிஷம்!

அடுத்து, மனசைக் கல்லாக்கிக்கிட்டு, அப்பா வாங்கிப் போட்ட அந்த ராமைக் கழட்டிட்டு ஓட்டினேன். 17.8.

ஆயிரத்து நூறு ரூபாய்க்கு, செகண்டுக்கு காலே அரைக்கால் படம்கூடக் கூடல.

அப்ப இடிக்கிற இடம் எது? எங்க ஊர் பாஷையிலேயே சொல்றேன். விருதுநகர் பரோட்டா கடைக்கு வாங்க. கல்லுல நிக்கிற மாஸ்டர்தான் பிராசஸர். சாப்பாட்டு மேஜைதான் திரை. மாஸ்டர் போட்ட பரோட்டாவை மேஜைக்குத் தூக்கிட்டு ஓடுற பையன்தான் பஸ் – ரோட்டுல ஓடுற பஸ் இல்ல, மதர்போர்டுல தகவல் போற பாதை. மாவு உருண்டை அடுக்கி வைக்கிற பலகைதான் ராம். டூம் காலத்துல 3டி வேலையைப் பகிர்ந்துக்க கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது. சுவர், கதவு, பேய் எல்லாத்தையும் புள்ளி புள்ளியா கணக்குப் போட்டு வரையுறது பிராசஸர்தான். கார்டு அதை வாங்கி திரையில காட்டும், அவ்வளவுதான்.

இப்ப கணக்கு. டூமோட திரை 320-க்கு 200. அதாவது ஒரு படத்துக்கு 64,000 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைட். செகண்டுக்கு 35 படம்னா 22.4 லட்சம் பைட் மேஜைக்குப் போய்ச் சேரணும். மாஸ்டர் மின்னல் வேகத்துல போடுறார். ஆனா தூக்கிட்டுப் போற பையன் கைத்தடி ஊன்றி நடக்கிறவனா இருந்தா? மாஸ்டர் கரண்டியோட நிக்க வேண்டியதுதான். இந்த நேரத்துல மாவுப் பலகையைப் பெருசாக்கி என்ன பிரயோஜனம்? அப்பா செஞ்சது அதைத்தான்.

இது ஊகம்தானே, நிரூபிக்க வேண்டாமா? நம்ம எல்லாரும் ஃபர்ஸ்ட் இயர்ல திட்டிக்கிட்டே படிச்ச டர்போ சி கை கொடுத்துச்சு. 64,000 பைட்டை ஒவ்வொரு பைட்டா, ஆயிரம் தடவை எழுதுற ஒரு குட்டி புரோகிராம் அடிச்சேன். சாதாரண ராம்ல எழுதினா 4 செகண்ட். அதையே கிராஃபிக்ஸ் கார்டோட மெமரியில எழுதினா 31 செகண்ட்!

கண்டுபிடிச்சாச்சு. இடிக்கிறது இங்கதான்.

யாரும் கவனிக்காத பழுப்பு ஸ்லாட்

கார்டைக் கழட்டிப் பார்த்தேன். அது ஐ.எஸ்.ஏ. கார்டு. 1984-ல ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரோட வந்த 16 பிட் பாதைதான் அது. ஓடுற வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர் உள்ளே 66-ல பறக்குது, வெளியே வந்தா மாட்டு வண்டிப் பாதை.

அப்புறம்தான் அதைக் கவனிச்சேன். மதர்போர்டுல ரெண்டு கறுப்பு ஸ்லாட்டுக்குப் பின்னாடி, அதே வரிசையில, பழுப்பு நிறத்துல இன்னொரு குட்டி ஸ்லாட் நீட்டிக்கிட்டு இருந்தது. ரெண்டும் காலி. கன்னி கழியாத ஸ்லாட்.

அப்பாகிட்ட கேட்டேன். "அது ஏதோ ஆபீஸ் மிஷினை மாட்டுறதுக்குன்னு நினைச்சோம் பாப்பா"ன்னார்.

அதோட பேரு வீசா லோக்கல் பஸ். 1992-ல வந்தது. ஐ.எஸ்.ஏ. பாதையைச் சுத்திப் போகாம, 486 பிராசஸரோட சொந்தப் பாதையிலேயே கிராஃபிக்ஸ் கார்டை நேரா உட்கார வைக்கிற ஐடியா. 8 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலா 33. 16 பிட்டுக்குப் பதிலா 32. டூம் ஒரு நேரத்துல ஒரு பைட்டாத்தான் எழுதும்கிறதால அகலம் கூடினது அதுக்குப் பெருசா உதவாது. ஒவ்வொரு தடவையும் காத்து நிக்கிற நேரம் குறையுது பாருங்க, அதுதான் லாபம்.

மதுரையில ஒரு பழைய சர்வீஸ் இன்ஜினீயர், ரிட்டையர் ஆனவர், வீட்டுல ஒரு அட்டைப்பெட்டி நிறைய அந்தக் காலத்து கார்டுகளை வெச்சிருக்கார்னு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சொன்னார். போய்ப் பார்த்தேன். சிரஸ் லாஜிக் 5428 சிப் வெச்ச லோக்கல் பஸ் கார்டு ஒண்ணு கிடைச்சது, கைத்தடி நீளத்துக்கு. காசு கொடுத்தேன், வாங்கல. கதையைக் கேட்டுட்டு அவர் சொன்னது:

"மண்டிக்குப் போன மிஷின்தானேம்மா? கணக்கு எழுத எழுத்து தெரிஞ்சாப் போதும். அதனால இருக்கிறதுலயே மலிவான கார்டைப் போட்டு அனுப்பியிருப்பாங்க. மண்டிக்கு அது தப்பான மிஷின் இல்ல. உங்க அப்பாவோட கேமுக்குத்தான் தப்பு."

எவ்வளவு உண்மை! மிஷின் மேல குத்தம் இல்ல. கேட்கிற வேலை மாறினா, இடிக்கிற இடமும் மாறும்.

வீட்டுக்கு வந்து கார்டை அழுத்தி மாட்டினேன். லேசுல உட்காராது, போர்டே வளையுற மாதிரி பயமா இருக்கும். மறுபடி டர்போ சி. 31 செகண்ட் எடுத்த வேலை 7 செகண்டுல முடிஞ்சது. டூம் தராசுல செகண்டுக்கு 28 படம். பிராசஸர் அதே, ராம் அதே.

காசே இல்லாத வைத்தியம்

இன்னொரு விஷயம் தெரிஞ்சப்போ எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. டூம் ஓடும்போது எஃப்5-ஐ அழுத்தினா 'லோ டீட்டெயில்'னு வரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ரெண்டையும் ஒரே நிறமா, ஒரே எழுத்துல எழுதிடும். படம் கொஞ்சம் கொரகொரன்னு இருக்கும், ஆனா வேலை பாதி. பழைய கார்டுலயே 18 படம் 25 ஆச்சு. மைனஸ் பட்டனை அழுத்தி ஆட்டத்தோட ஜன்னலைச் சுருக்கினா இன்னும் கூடும். 1997-லயே, சல்லிக் காசு செலவில்லாம!

"எஃப்5-ஐ யாரும் சொல்லலையாப்பா?"

"சொல்றதுக்கு யாரு இருந்தா? எல்லாருக்கும் ராம் மட்டும்தான் தெரியும்."

இதுக்கப்புறம் எனக்குப் பைத்தியமே பிடிச்சுருச்சு. பழைய டாஸ் கேம்களைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். ஒவ்வொண்ணுலயும் இடிக்கிற இடம் வேற வேற.

டேஞ்சரஸ் டேவையே எடுத்துக்குங்க. அதை எழுதினவர் ஜான் ரொமேரோ. அவரோட கூட்டாளி ஜான் கார்மாக். அப்ப பி.சி.யில மரியோ மாதிரி பக்கவாட்டுல வழுக்கிட்டுப் போற கேம் முடியாதுன்னு நினைச்சிட்டிருந்தாங்க, திரை முழுக்க ஒவ்வொரு தடவையும் திரும்ப வரையுற அளவுக்கு வேகம் கிடையாது. 1990 செப்டம்பர்ல கார்மாக் யோசிச்சார்: ஏன் முழுசா வரையணும்? வானம் அப்படியேதானே இருக்கு, மாறின கட்டங்களை மட்டும் வரைஞ்சாப் போதாதா? போதும்! அந்த வித்தையில அதே வருஷம் டிசம்பர்ல வந்ததுதான் கமாண்டர் கீன். மாஸ்டரை விரட்டாம, தேவையில்லாத ஆர்டரைக் குறைச்சுட்டார்.

1996-ல வந்த க்வேக் வேற ரகம். அதுக்கு தசமப் புள்ளிக் கணக்கு வேகமா வரணும். 486-ல எவ்வளவு நல்ல கார்டைப் போட்டாலும் திணறும். பென்டியம்ல அந்தக் கணக்குப் பகுதி பல மடங்கு வேகம்கிறதால ஜம்முன்னு ஓடும். அங்க மாஸ்டரேதான் இடிக்கிறார்.

அதே 1996-ல வந்த டியூக் நூகம் 3டியை 640-க்கு 480-ல ஆடினா ஒரு படத்துக்கு மூணு லட்சத்துச் சொச்சம் பைட். பழைய முறையில டாஸ் கேம் ஒரு நேரத்துல கார்டோட மெமரியில 64 கே.பி. ஜன்னலைத்தான் பார்க்க முடியும். ஒரே படத்துக்கு அஞ்சு தடவை ஜன்னலை நகர்த்தணும். 1994-ல வந்த வீசா 2.0, மொத்த மெமரியையும் ஒரே நீளப் பாயா விரிச்சுக் கொடுத்துச்சு. கார்டுல அது இல்லாதவங்களுக்கு யுனிவிபிஇ-ன்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் அந்த வசதியைச் செஞ்சு கொடுத்தது.

செம தமாஷ் பென்டியம் ப்ரோ. 1995-ல வந்த பெரிய இடத்துப் பிராசஸர். அதுல ஒரு வித்தை உண்டு, கார்டுக்குப் போற பைட்டை ஒண்ணொண்ணா அனுப்பாம, 32 பைட் சேர்ந்ததும் ஒரே மூச்சுல தள்ளும். ஒரு பரோட்டாவுக்கு ஒரு நடை நடக்காம, 32 பரோட்டாவைத் தட்டுல அடுக்கித் தூக்குற மாதிரி. ஆனா டாஸ்ல அந்த வித்தையை யாராவது ஆன் பண்ணிவிடணும். ஃபாஸ்ட்விட்னு ஒரு துக்கடா புரோகிராம், கேமுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டினாப் போதும், வேகம் எகிறிடும். காசு போட்டு வாங்கின வேகம் பூட்டின பெட்டியில தூங்கிட்டிருந்திருக்கு, சாவி இந்தத் துக்கடா!

இப்பவும் இந்தக் கிறுக்கு ஓயல. டூமோட சோர்ஸ் கோடை 1997 டிசம்பர்ல வெளியிட்டுட்டாங்க. அதை வெச்சு, 386, 486 மிஷினுக்குன்னே ஃபாஸ்ட்டூம்னு ஒண்ணு எழுதியிருக்காங்க. அதுல எஃப்5-ஐவிட மொக்கையான ஒரு டீட்டெயில் இருக்கு. பேரு 'பொட்டேட்டோ'. உருளைக்கிழங்கு மாதிரிதான் தெரியும், ஆனா ஓடும்.

என் லேப்டாப்புக்கு வருவோம்

அப்பாவோட மிஷினுக்கு இவ்வளவு பார்த்தவ, என் மிஷினுக்குப் பார்த்தேனா? இல்லையே! வெட்கமா இருந்துச்சு. ப்ராஜெக்ட்டை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் 30 சதவீதம், சும்மா காத்து வாங்கிட்டு இருக்கு. டிஸ்க் 100 சதவீதம், மூச்சுத் திணறுது. பன்னிரண்டாயிரம் ஃபோட்டோவையும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஒவ்வொண்ணாத் தேடி எடுக்கிறதுல ராத்திரி பூரா போயிருக்கு. மாஸ்டர் சும்மா நிக்கிறார், மாவு வந்து சேரல.

ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். ஃபோட்டோக்களை முன்கூட்டியே சின்ன அளவுக்குக் குறைச்சு வெச்சேன். புது லேப்டாப் விலையில இருபதுல ஒரு பங்குகூட ஆகல. இப்ப சாயங்காலம் ஆரம்பிச்சா, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடுது. 72,000 ரூபாய் லேப்டாப்ல எஸ்.எஸ்.டி. இருந்திருக்கும், அதனால அதுலயும் வேகம் வந்திருக்கும். எதனால வந்துச்சுன்னு மட்டும் எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

ஃப்ரெண்ட்ஸ், புதுசு வாங்கவே கூடாதுன்னு சொல்ல வரல. அளந்து பார்த்துட்டு வாங்குங்க. வீட்டுல கேட்கிற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் பின்னாடி, யாரோ ஒருத்தர் தள்ளிப்போட்ட கண்ணாடி ஒண்ணு இருக்கும்.

ஞாயித்துக்கிழமை

எல்லாம் தயாரானதும் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சேன். 'டூம்'னு அவரே டைப் பண்ணார். விரல் மறக்கல. முதல் அறை, ஜன்னல், வெளியே மலை. அப்பா அம்புக்குறியை அழுத்தினார். திரை வழுக்கிட்டுப் போச்சு.

அப்பா ஒரு வார்த்தை பேசல. ஒரு கதவைத் திறந்தார். பேய் வந்துச்சு. சுட்டார். விழுந்துச்சு. அப்பத்தா வந்து நாற்காலிக்குப் பின்னாடி நின்னதை நாங்க கவனிக்கல.

"இதே பொட்டிதான?"ன்னுச்சு அப்பத்தா.

"ஆமாம்மா."

"அன்னைக்கு இப்படி ஓடலயேப்பா. விக்கி விக்கில்ல ஓடுச்சு."

அப்பா கை அப்படியே நின்னுருச்சு. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பா சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி வந்து படுத்துட்டுச் சொன்னாரு. 'காசு தண்டம்தான் போல, அது முன்ன மாதிரியேதான் ஓடுது. ஆனா புள்ள நான் வருத்தப்படுவேன்னு ஓடுதுங்கிறான். நான் என்னத்தச் சொல்ல'ன்னாரு. மங்கின கண்ணாடின்னாலும் அது கூடவா தெரியாது?"

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. திரையில அப்பாவோட ஆள் அசையாம நிக்க, எங்கிருந்தோ வந்த ஒரு பேய் கடிச்சுக் கொன்னுருச்சு. அப்பா பார்க்கக்கூட இல்ல. கண்ணாடியைக் கழட்டித் துண்டால துடைச்சுட்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழிச்சு, திரையைப் பார்த்தே சொன்னார்.

"இப்ப ஓடுதுப்பா."

அந்தச் சாக்குப் பை இப்ப சமையல்கட்டு வாசல்ல மிதியடி. 486 ஹால் மேஜையில இருக்கு. அம்மாவே அதுக்கு ஒரு உறை தைச்சுப் போட்டிருக்காங்க.